சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு டிவி வாங்குவது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பம்பலப்பிட்டியில் காலி வீதியோரக் கடையொன்றின் டிவி பகுதியில் ஒன்பது வருடம் நின்றவன் நான். கடையை விட்டு நாலு வருடமாகிறது, கேள்விகள்தான் என்னை விடவில்லை. கொட்டாஞ்சேனை மச்சாள் இரவு பத்து மணிக்கு அழைக்கிறாள். மகளின் பாடசாலை வாசலில் நிற்கும் அம்மாமார் "தம்பி, ஒரு நிமிஷம்" என்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். எனக்கும் வீட்டில் இரண்டு: மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்றரை. ஆகவே கடைக்காரனாகப் பாதியும் தகப்பனாகப் பாதியும் பதில் சொல்கிறேன்.

அண்ணா, எத்தனை இஞ்ச் எடுக்கிறது?

கடைக்குப் போகமுதல் அளவு நாடாவை எடுங்கள். டிவிக்குச் சொல்லும் அங்குலம் திரையின் மூலைக்கு மூலை அளவு, அகலம் அல்ல. 43 அங்குல டிவி கிட்டத்தட்ட 95 சென்டிமீற்றர் அகலம், 55 என்றால் 122, 65 என்றால் 144. அடுத்ததாக, நீங்கள் உட்காரும் இடத்தில் தலை இருக்கும் இடத்திலிருந்து சுவர் வரை அளவுங்கள். மூலை அளவை ஒன்றரை மடங்காக்கினால் வருவது வசதியான தூரம்: 43க்கு ஐந்தரை அடி, 55க்கு ஏழு அடி, 65க்கு எட்டு அடி. கொஞ்சம் கூடினால் பிழையில்லை.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து ஃபிளட்களில் ஹோல் பத்துப் பன்னிரண்டு அடிதான். சோபாவைக் கழித்தால் எட்டு அடி மிஞ்சும். அங்கே 50 அல்லது 55 சரி. கடையில் எந்த டிவியும் சின்னதாகத்தான் தெரியும், ஏனென்றால் கூரை உயரம், பக்கத்தில் 85 அங்குலம் ஒன்று நிற்கும். வீட்டுக்கு வந்ததும் அதே டிவி சுவரை விழுங்கிவிடும். நான் ஆட்களுக்குச் சொல்வது, பழைய வீரகேசரித் தாள்களை அந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள் என்று. மூன்று பேர் அதைச் செய்துவிட்டு ஒரு அளவு குறைத்து வாங்கினார்கள்.

சின்னப் பிள்ளைகள்தானே, 32 போதாதா?

படுக்கையறைக்குப் போதும், ஹோலுக்குக் கூடாது. 32 அங்குல டிவிகளில் பெரும்பாலானவை 1366க்கு 768 புள்ளிகள் கொண்டவை. சின்ன எழுத்து மங்கும். உள்ளே போடும் சிப்பும் மலிவு என்பதால் யூடியூப் திறப்பதற்குள் பிள்ளை அழத் தொடங்கிவிடும். திரை சின்னதென்றால் பிள்ளை கிட்டப் போகும் என்பது இன்னொரு தலையிடி.

கார்ட்டூன் பார்க்க 4கே எதுக்கு?

4கே என்றால் திரையில் புள்ளிகள் மிக அதிகம், படம் கூர்மை. கார்ட்டூனுக்கு அது தேவையில்லை. ஆனால் 43 அங்குலமும் அதற்கு மேலும் இன்று கடையில் இருப்பதில் அநேகமானது 4கேதான், தேடித் தேடிக் குறைந்ததை வாங்குவதில் மிச்சம் அதிகமில்லை. கூடுதல் காசு கொடுக்க வேண்டிய விஷயமாக அதை நினைக்காதீர்கள், அவ்வளவுதான். பெட்டியில் "மோஷன் 120", "மோஷன் 200" என்று போட்டிருந்தால் அது விற்பனைக்காரன் எண். பனல், அதாவது திரைப் பலகை, உண்மையில் 60 ஹேர்ட்ஸா 120 ஹேர்ட்ஸா (வினாடிக்கு எத்தனை தடவை படம் மாறுகிறது) என்று கேளுங்கள். வீட்டில் பிளேஸ்டேஷன் இல்லையென்றால் 60 தாராளம்.

எல்இடி, கியூஎல்இடி, ஓஎல்இடி... தலை சுத்துது. எது எடுக்கிறது?

கியூஎல்இடி என்பதும் எல்இடி டிவிதான். பின்னால் விளக்கு, முன்னால் திரவப் படிகத் திரை, நடுவில் நிறத்தைக் கூட்டும் ஒரு படலம். நிறம் கொஞ்சம் வடிவாக இருக்கும். ஓஎல்இடி வேறு சாதி: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு உண்மையான கறுப்பு. இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்க்கிறவர்களுக்கு அதற்கு நிகரில்லை.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் ஓஎல்இடி சொல்வதில்லை. ஒரே சேனல் மூலையில் ஒரே முத்திரையோடு தினமும் மணிக்கணக்கில் ஓடினால் அந்த முத்திரையின் தடம் நாளடைவில் திரையில் தங்கிவிடலாம். சுட்டி டிவியைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகிற வீடு எத்தனை! திரையும் மெல்லியது, விலையும் கூட. சாதாரண எல்இடி அல்லது கைக்கெட்டும் விலையில் ஒரு கியூஎல்இடி எடுத்து, மிஞ்சும் காசில் அடுத்த பதிலில் வருகிற வேலையைச் செய்யுங்கள்.

சுவரில அடிக்கிறதா, மேசையில வைக்கிறதா?

சுவரில். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

பழைய கண்ணாடிக் குழாய் டிவி பாரம், ஆனால் மேசையில் அகலமாக உட்கார்ந்திருக்கும். இப்போதைய 43 அங்குல டிவி எட்டுப் பத்துக் கிலோ, இரண்டு மெல்லிய கால், கீழே வழுக்கும் மேசை. இரண்டு வயதுப் பிள்ளை மேல் விளிம்பைப் பிடித்து எம்பினால் போதும், சரிந்து முன்னால் வரும். அதைவிட மோசம் லாச்சி வைத்த கபினட். கீழ் லாச்சியை இழுத்து, அதில் ஏறி, அடுத்ததை இழுத்தால் படிக்கட்டு. கபினட்டும் டிவியும் சேர்ந்து பிள்ளைமேல் விழும்.

சுவரில் மாட்டும்போது கீழ் விளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடியாவது இருக்கட்டும். பெரியவர்களுக்கு அது கொஞ்சம் உயரம்தான், கழுத்து வலிக்கிறவர்கள் சோபாவில் சாய்ந்து பார்க்கலாம். டிவிக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். அழகுக்காக ஒரு சின்ன கபினட் வைத்தால் அது ஏணி. வயர் தொங்கக்கூடாது, கேசிங் போட்டு மறையுங்கள். முடிந்தால் பிளக் பொயின்ட்டையே டிவிக்குப் பின்னால் உயர்த்தச் சொல்லுங்கள். பிரேக்கட் வாங்கும்போது டிவியின் முதுகில் உள்ள நாலு துளைகளின் இடைவெளியை மில்லிமீற்றரில் அளந்துகொண்டு போங்கள், 200க்கு 200 என்பதுபோல. பிரேக்கட் பெட்டியிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். முன்னால் இழுத்துத் திருப்பும் கைப்பிரேக்கட் வேண்டாம், பிள்ளை அதில் தொங்கும். தட்டையாக ஒட்டி நிற்பதே நல்லது.

சுவரையும் பாருங்கள். செங்கல், கொங்கிரீட் என்றால் கவலையில்லை. உள்ளே வெற்றிடமுள்ள சிமெந்துக் கல் என்றால் திருகாணிக்காகத் துளைக்குள் போடும் சின்னப் பிளக் பிடிக்காது, கழன்று வரும். தட்டினால் "டொக் டொக்" என்று வெறுமையாகக் கேட்கும் ஜிப்சம் தடுப்புச் சுவரில், பின்னால் மரமோ இரும்போ கொடுக்காமல் மாட்டவே கூடாது. கடையிலிருந்து மாட்ட வரும் பெடியன் அவசரத்தில் இருப்பான். துளையிட முதல் சுவர் என்ன சுவர் என்று அவனிடம் நீங்களே கேளுங்கள்.

வாடகை வீடு. வீட்டுக்காரர் துளை போட விடமாட்டார். என்ன செய்யிறது?

முதலில் கேட்டுப் பாருங்கள், "பிள்ளை இருக்கு அங்கிள், போகும்போது பூசித் தாறன்" என்று. எட்டு மில்லிமீற்றர்த் துளை நாலை அடைக்க ஒரு டப்பா பூச்சுப் போதும். அநேகம் பேர் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். நேரடியாகத் துளை போட்டுவிட்டுப் பிறகு சொல்கிறவர்களுக்குத்தான் சண்டை வரும்.

முடியாது என்றே சொல்லிவிட்டால், பதிந்த, நீளமான, பாரமான, லாச்சி இல்லாத கபினட் ஒன்றில் டிவியைப் பின்சுவரோடு ஒட்டி வையுங்கள். டிவியின் முதுகுத் துளையில் திருகாணி போட்டு, நைலோன் பட்டியால் கபினட்டின் பின்பலகையோடு இறுக்குங்கள். அந்தத் துளைக்கு எந்தத் திருகாணி என்பது கையேட்டில் இருக்கும், எம்6 அல்லது எம்8 என்று. நீளமானதை முறுக்கிப் பனலைக் குத்தினவர்களைக் கண்டிருக்கிறேன். கடையிலேயே கால்களுக்கு இடையில் உள்ள தூரத்தையும் அளவுங்கள். சில 55 அங்குல டிவிகளின் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும், மூன்றரை அடி மேசைகூடப் போதாது. சில்லு வைத்த நிற்கும் ஸ்டாண்ட் மட்டும் வேண்டாம்.

பிள்ளை எதையாவது எறிஞ்சு திரை உடைஞ்சா வாரண்டி குடுப்பாங்களா?

மாட்டார்கள். வாரண்டி என்பது டிவி தானாகப் பழுதாவதற்கு. அடி, வெடிப்பு, தண்ணீர், மின்னல் எல்லாம் வெளியே.

என் வீட்டுக் கதை இது. மகனுக்கு அப்போது இரண்டரை. பாட்டி வடை சுட்ட கதை ஓடிக்கொண்டிருந்தது. காகம் வடையைத் தூக்கியதும் இவனுக்குக் கோபம் வந்து கையிலிருந்த எவர்சில்வர் தம்ளரைக் காகத்துக்கு எறிந்தான். திரையின் நடுவில் ஒரு ரூபாக் குற்றி அளவு கறுப்பு, அதிலிருந்து மேலும் கீழும் ஊதா நிறத்தில் இரண்டு கோடு. சத்தம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல ஓடியது, காகம் பாட்டிக்கு மேலே கரைந்துகொண்டே இருந்தது. பனல் மாற்ற ஒரு திருத்தும் கடையில் கேட்டேன். புது டிவி விலையில் முக்கால் பங்கு சொன்னார்கள். ஒன்பது வருடம் மற்றவர்களுக்கு இதே பதிலைச் சொன்னவன், என் முறை வந்தபோது வாயடைத்து நின்றேன்.

அப்ப திரைக்கு முன்னால போடுற அந்தப் பிளாஸ்ரிக் தட்டு நல்லமா?

நல்லது, இரண்டு குறையோடு. வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், ஜன்னலுக்கு எதிரே டிவி இருந்தால் முகம் தெரியும். நாலு மூலையிலும் காற்றுக்கு இடைவெளி விட்டு மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் சூடு தங்கும். எறிகிற வயது தாண்டும்வரை பொறுத்துக்கொள்ளலாம். நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன்.

துடைக்க மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, தேவையென்றால் துளித் தண்ணீர். கண்ணாடி துடைக்கும் திரவம், டெட்டோல், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம், திரையின் மேற்பூச்சு போய்விடும். பட்டர் பூசிய விரலுக்கும் ஈரத்துணி போதும்.

எத்தனை வயசில இருந்து டிவி காட்டலாம்?

டொக்டரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதைச் சொல்கிறேன்: இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. கனடாவில் இருக்கும் அம்மம்மாவோடு வீடியோவில் கதைப்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பிள்ளையோடு பேச்சு.

நடைமுறையில் இது எல்லா வீட்டிலும் நடக்கிறதா என்றால் இல்லை. எங்கள் வீட்டிலும் கஞ்சி ஊட்டும் நேரத்துக்கு டிவி போட்ட காலம் உண்டு. ஆனால் எண் தெரிந்திருந்தால் எவ்வளவு தாண்டுகிறோம் என்றாவது தெரியும்.

கிட்டப் போய் நிண்டு பாக்கிறான். கண் பழுதாகுமா?

"கிட்டப் போகாதே, கண் கெடும்" என்ற பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1967இல் அமெரிக்காவில் சில வர்ண டிவிகளிலிருந்து அளவுக்கு மீறி எக்ஸ் கதிர் கசிவது தெரியவந்து பெரிய பரபரப்பானது. அது குழாய் டிவிக் காலம். தட்டையான டிவியில் அந்தக் குழாயும் இல்லை, கதிரும் இல்லை.

கிட்ட நின்று பார்ப்பதால் கண் களைக்கும். ஆனால் நான் பெற்றோரிடம் திருப்பிக் கேட்பது வேறு: தள்ளி உட்கார்த்தினால் கண்ணைச் சுருக்குகிறானா? பாடசாலையில் பலகை தெரியவில்லை என்கிறானா? அப்படியென்றால் பழுது டிவியில் இல்லை, பிள்ளைக்குத் தூரப்பார்வை குறைந்திருக்கலாம். கண் டொக்டரிடம் காட்டுங்கள், கொழும்பில் தேசிய கண் மருத்துவமனை இருக்கிறது. பின்னேரம் பிள்ளையை வெளிவெளிச்சத்தில் ஓட விடுவது கிட்டப்பார்வைக் கோளாறு வருவதைத் தள்ளிப்போடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. காலிமுகத்திடலில் பட்டம் விடக் காசு அதிகம் போகாது.

யூடியூப்பில கண்டது நிண்டது எல்லாம் வருது. எப்பிடி நிப்பாட்டுறது?

டிவியில் தனியாக இருந்த யூடியூப் கிட்ஸ் செயலி 2024 ஜூலையோடு எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது சாதாரண யூடியூப்புக்குள்ளேயே பிள்ளைக்கென்று ஒரு புரொஃபைல் போட வேண்டும். அம்மா அல்லது அப்பாவின் கணக்கில் போய்ப் பிள்ளையைச் சேர்த்து, வயதுப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள்: நாலும் அதற்குக் கீழும், ஐந்து முதல் எட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு. தேடும் வசதியை மூடுங்கள். நீங்கள் தெரிவு செய்த சேனல்களை மட்டும் காட்டும் முறையும் இருக்கிறது. போனில் அரை மணித்தியாலம் உட்கார்ந்து செய்தால், அதற்குப் பிறகு நிம்மதி.

தானாக அடுத்தது ஓடும் வசதியையும் நிறுத்துங்கள். ஒரு பாட்டு முடிந்ததும் திரை அமைதியானால் பிள்ளை தலையைத் திருப்பும். அடுத்தது ஓடிக்கொண்டே இருந்தால் திருப்பாது.

பின் நம்பர் போட்டும் மகள் திறந்திட்டாள்!

0000 போட்டிருப்பாள். சாம்சங், எல்ஜி இரண்டிலும் பெட்டியிலிருந்து வரும்போது அதுதான் எண். மாற்றுங்கள், உங்கள் பிறந்த வருடம் வேண்டாம். என் மகள் அதை இரண்டாவதாகப் போட்டுப் பார்த்தாள்.

சாம்சங்கில ஒண்டு, எல்ஜியில ஒண்டு, சோனியில கூகிள் எண்டு சொல்றாங்கள். பிள்ளைகளுக்கு எது நல்லம்?

அவர்கள் சொல்வது டிவியை இயக்கும் மென்பொருளை. சாம்சங்கில் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ், சோனி, டிசிஎல் போன்றவற்றில் கூகிள் டிவி. பிள்ளை விஷயத்தில் கூகிள் டிவி ஒரு படி மேல்: பிள்ளைக்குத் தனிப் புரொஃபைல் போட்டு, எந்தச் செயலி தெரிய வேண்டும், நாளைக்கு எத்தனை நேரம், எத்தனை மணிக்குப் படுக்கை என்று வைக்கலாம். நேரம் வந்ததும் தானே நின்றுவிடும், நீங்கள் வில்லனாக வேண்டியதில்லை. மற்ற இரண்டிலும் செயலிகளைப் பூட்டலாம், அதுவும் போதும்.

விலை பாதியாகத் தெரியும் பெயர் தெரியாத டிவிகளில் "அன்ட்ரொய்ட்" என்று எழுதியிருக்கும். அது கூகிள் சான்று பெற்ற டிவி மென்பொருளாக இருக்க வேண்டுமென்றில்லை, போன் மென்பொருளை டிவியில் ஏற்றியதாகவும் இருக்கலாம். அதில் நெட்ஃபிளிக்ஸ் சரியாக ஓடாது, மேலே சொன்ன பூட்டு எதுவும் இருக்காது. கடையில் ரிமோட்டைக் கையில் வாங்கி நெட்ஃபிளிக்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

டேட்டா முடிஞ்சிடுமா?

நெட்ஃபிளிக்ஸ் தன் கணக்கில் சொல்வது: எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை. 4கே ஓட 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும். ஃபைபர் இணைப்பு இருந்தால் பிரச்சினையில்லை. சிம் போட்ட ரவுட்டர் என்றால் செயலியின் தரத்தை எச்டிக்கு இறக்கிவிடுங்கள். கார்ட்டூனில் வித்தியாசம் பிள்ளைக்குத் தெரியாது.

டயலொக், பியோ டிவி பெட்டி, அன்டெனா எல்லாம் புது டிவியில வேலை செய்யுமா?

பெட்டிகள் எச்டிஎம்ஐ வயரில் போகும், எந்த டிவியும் சரி. எச்டிஎம்ஐ மூன்று இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு சீக்கிரம் முடிந்துவிடும். அன்டெனாவில் ரூபவாஹினி, வசந்தம், சக்தி பார்க்கிறவர்கள் இங்கே விற்கும் டிவியை வாங்கினால் போதும்.

சிக்கல் வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவரும் டிவியில்தான். கனடா, அமெரிக்கா டிவியின் அலைவாங்கி நம்மூர் ஒளிபரப்பைப் பிடிக்காது, சிலது 110 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. டுபாய், இந்தியா டிவிக்கு நம்முடைய 230 வோல்ட் சரி. ஆனால் வாரண்டி அநேகமாக அந்த நாட்டோடு முடிந்துவிடும்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

55 அங்குல எல்இடி சுமார் 100 வொட் இழுக்கும். நாளைக்கு நாலு மணித்தியாலம் என்றால் மாதம் 12 யூனிட். 43 என்றால் எட்டு ஒன்பது. அதுவே பயப்படும் அளவல்ல. உங்கள் வீடு எந்த யூனிட் படியில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. 85 யூனிட்டில் நிற்கிற வீடு இந்த 12 யூனிட்டால் 90ஐத் தாண்டினால் அடுத்த படிக்குப் போகும், நிலையான கட்டணமும் கூடும். பழைய பில் மூன்றை எடுத்துப் பாருங்கள். பிரகாசத்தைக் கடை அளவிலிருந்து வீட்டளவுக்கு இறக்கினாலே கணிசமாகக் குறையும், பிள்ளையின் கண்ணுக்கும் இதம்.

மின்னலுக்கு ஸ்டெபிலைசர் வேணுமா?

புது டிவிகளின் மின்வழங்கி வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தானே தாங்கும், ஸ்டெபிலைசர் காசை வைத்திருங்கள். மின்னலுக்கு அதுவும் உதவாது, தரமான சர்ஜ் புரொடெக்டரும் ஓரளவுதான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். அன்டெனா வயரையும், ரவுட்டரிலிருந்து வரும் வயரையும் சேர்த்துத்தான். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு அன்டெனா வழியாக டிவியைப் பறிகொடுத்த ஆட்கள் எங்கள் கடைக்கு ஒவ்வொரு ஏப்ரலும் வருவார்கள்.

கரண்ட் போய்த் திரும்பும்போதும் அப்படித்தான். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று ஏறி நாடே இருண்டது நினைவிருக்கும். கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழித்து டிவியைப் போடுங்கள்.

எங்கட வீடு மெரைன் டிரைவ் பக்கம். உப்புக் காத்து டிவியைத் தின்னுமா?

தின்னும். உள்ளே இணைப்புகளில் பச்சை பிடிக்கும், இரண்டு மூன்று வருடத்தில் எச்டிஎம்ஐ வாய் வேலை செய்யாமல் போகலாம். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே மாட்டாதீர்கள். தினமும் கொஞ்சம் போட்டு ஓடும் டிவி சூட்டில் ஈரம் காய்ந்து நிற்கும், மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதுதான் முதலில் போகும்.

ரிமோட்டைக் கடிக்கிறான். பெட்டரி விழுங்கினா?

டிவி ரிமோட்டில் பொதுவாக இருப்பது விரல் போன்ற ஏஏஏ பெட்டரி. மூடியைச் செலோடேப்பால் சுற்றுங்கள். ஆபத்து, காசுபோல் தட்டையான பொத்தான் பெட்டரியில். டிவிக்குப் பின்னால் ஒட்டும் அலங்கார விளக்குப் பட்டியின் சின்ன ரிமோட்டில் அது இருக்கும். விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பான் என்ற சந்தேகமே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அந்த விளக்குப் பட்டியை நான் வீட்டுக்குள் எடுக்கவே இல்லை.

வாரண்டி எண்டு ஒரு துண்டு தாறாங்கள். அதை நம்பலாமா?

யார் தரும் வாரண்டி என்று பாருங்கள். அந்தப் பிராண்டின் உள்ளூர் ஏஜென்டின் முத்திரை இருந்தால் அவர்களின் திருத்துமிடத்துக்குப் போகலாம். கடையின் சொந்த வாரண்டி என்றால் அந்தக் கடை இருக்கும்வரைதான். "மூன்று வருடம்" என்ற பெரிய எழுத்துக்குக் கீழே பனலுக்கு ஒரு வருடம்தான் என்று சின்ன எழுத்தில் இருக்கலாம். நான் விற்ற காலத்தில் அதை வாசித்த வாடிக்கையாளர்களை ஒரு கை விரலில் எண்ணலாம்.

பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பெட்டி, டிவியின் முதுகு, வாரண்டித் துண்டு மூன்றிலும் ஒரே தொடர் இலக்கமா பாருங்கள். வெள்ளைத் திரை, கறுப்புத் திரை போட்டுப் புள்ளி, கோடு இருக்கிறதா பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தவணைக்கு எடுத்தா நட்டமா?

கடனட்டையில் வட்டியில்லாத் தவணை என்றால் நட்டமில்லை, ஆனால் ஒரு கேள்வி கேளுங்கள்: "கையில் காசு தந்தால் எவ்வளவு?" அந்த விலைக்கும் தவணைத் தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான வட்டி. வங்கியின் கையாளும் கட்டணத்தையும் கூட்டுங்கள். விலை சொல்லும்போது 18 சதவீத வட் வரி உள்ளடங்கலா என்பதையும் கேட்டுவிடுங்கள். புத்தாண்டு, தீபாவளி, நத்தார்க் கழிவுகள் உண்மைதான், சில கடைகளில் அதற்கு முந்தின மாதம் விலை கொஞ்சம் ஏறியிருக்கும்.

த்ரீவீலில கொண்டு போகலாமா?

32 என்றால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போகலாம். அதற்கு மேல் கடையின் வண்டியில் அனுப்பச் சொல்லுங்கள். டிவியைப் படுக்க வைக்கக் கூடாது. மடியில் படுக்க வைத்துப் புறக்கோட்டையிலிருந்து மட்டக்குளி வரை போய், வீட்டில் போட்டுப் பார்த்தால் மூலையில் வெடிப்பு. வாரண்டி பற்றி மேலே சொன்னதுதான் பதில்.

அவர் 65 வேணும் எண்டுறார், நான் 43 போதும் எண்டுறன். பிள்ளைகளுக்கு எது நல்லம்?

இதற்குள் என்னை இழுக்காதீர்கள். ஆனாலும் சொல்கிறேன். பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதுதான் பிரச்சினை, அங்குலம் இல்லை. பெரிய திரையில் நாலு பேர் சேர்ந்து பார்ப்பது, ஒவ்வொருவர் கையிலும் ஒரு போனோடு மூலைக்கு மூலை இருப்பதைவிட நல்லது. அந்த வகையில் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அளவு நாடாக் கணக்கு ஏழு அடி என்று சொன்னால் 65 கூடாது. இடையில் 55. காசு மிஞ்சினால் உறுதியான பிரேக்கட்டும், பேச்சுத் தெளிவாகக் கேட்க ஒரு சவுண்ட்பாரும். காலி வீதி இரைச்சலுக்குள் டிவிச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டியே பிள்ளைகள் கத்திக் கதைக்கப் பழகிவிடுகிறார்கள்.

பழைய டிவியைப் பிள்ளைகளின்ர அறையில போட்டா என்ன?

வேண்டாம். யாரும் பார்க்காத அறையில் பூட்டும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. பழைய டிவியை யாரும் சுவரில் மாட்டுவதும் இல்லை, ஏதாவது லாச்சி அலுமாரி மேல் ஏற்றி வைப்பார்கள். அது ஏன் கூடாது என்று சுவர்க் கேள்வியில் சொல்லிவிட்டேன். ஓடுகிற டிவியென்றால் தேவைப்படும் ஒருவருக்குக் கொடுங்கள். ஓடாததைக் குப்பையோடு போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

எங்கள் உடைந்த டிவியும் இன்னும் போகவில்லை, அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் நிற்கிறது. வருகிற ஆட்களை மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான்: "காகம் இதுக்குள்ளதான் இருக்கு."